திங்கட்கிழமை மட்டும் புகைந்த வண்டி

பஸ் பணிமனையில் எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்கள் இப்போதும் என்னைத் தேடி வருவதுண்டு. யாராவது ஒருவருடைய வீட்டில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று நீலமாகப் புகைந்துகொண்டிருக்கும். “அண்ணே, ரிங்கா, வால்வ் கைடா?” என்று கேட்பார்கள். நான், “என்னிக்குப் புகையுது?” என்று திருப்பிக் கேட்பேன். கிழவனுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்பதுபோல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். எந்தக் கிழமை புகைகிறது என்று கேட்கிற மெக்கானிக்கை அவர்கள் பார்த்ததில்லை.

வெள்ளைப் புகை என்றால் தண்ணீர், கறுப்பு என்றால் பெட்ரோல், நீலம் என்றால் ஆயில். இது வண்டி கழுவுகிறவனுக்கும் தெரியும். நீலத்தில் மூன்று வகை உண்டு. ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்கப் புகைந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. இறக்கத்தில் கையைத் தளர்த்திவிட்டு மறுபடி முறுக்கும்போது குப்பென்று வந்தால் வால்வ் கைடு. மூன்றாவது வகையைக் கண்டுபிடிக்கப் போய்த்தான் என் முதல் வேலை போயிற்று. அது எல்லைப் போராட்ட காலத்தில்.

நான் அதிகம் படித்தவன் அல்ல. பெருங்கடவிளையில் பள்ளிக்கூடம், பிறகு சில வருஷம் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன், அவ்வளவுதான் என் படிப்பு. பாறசாலை மெயின் ரோட்டில் பொன்னையன் மேஸ்திரியின் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது.

மேஸ்திரி யுத்த காலத்தில் பட்டாளத்தில் மோட்டார் பிரிவில் இருந்தவர். திரும்பி வரும்போது ஒரு காக்கி அரை டிரவுசரும், எதையும் காகிதத்தில் எழுதிவைக்கும் வியாதியும் கொண்டுவந்திருந்தார். வண்டி உள்ளே வந்தால் அதற்கு ஒரு கேஸ் ஷீட். ‘நோயாளியின் பெயர்’ என்ற இடத்தில் வண்டி நம்பர். ‘நோயாளி சொல்வது’ என்ற இடத்தில் உடைமைக்காரர் சொல்வது. பிறகு நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். அந்த நேரத்தில் யாரும் மூச்சுவிடக் கூடாது. வண்டிக்காரரும் விடக் கூடாது. ஒருமுறை கோட்டுகாலிலிருந்து வந்த ஆஸ்துமாக்காரர் ஒருவர் ரோட்டுக்கே ஓடிப்போய் மூச்சுவிட்டுவிட்டு வந்தார்.

அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்து ஊர்களெல்லாம் இரண்டாகப் பிளந்து கிடந்தன. தமிழ் பேசுகிற பகுதி சென்னை மாநிலத்தோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம். இருக்கிற இடத்திலேயே இருந்தால் போதும் என்று இன்னொரு கூட்டம். தடியடி நடந்தது, ஆட்கள் ஜெயிலுக்குப் போனார்கள், சிரிக்க முடியாத காரியங்கள் பலவும் நடந்தன. கடைசியில் கோடு போட்டபோது எங்கள் ஊர் மலையாளப் பக்கமே நின்றுவிட்டது. ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது.

மேஸ்திரி இரண்டு கூட்டத்துக்கும் பயந்தார். ‘இங்கே அரசியல் பேசக் கூடாது’ என்று ஒரு போர்டு எழுதச் சொன்னார், தமிழிலும் மலையாளத்திலும். எது மேலே, எது கீழே என்று அதற்கே ஒர்க்‌ஷாப்பில் அடிதடி வரப் பார்த்தது. இரண்டு போர்டாக்கி அக்கம்பக்கம் மாட்டினார். எது வலது பக்கம் என்று பிரச்சினை வந்தது. கடைசியில் எதிரெதிர்ச் சுவரில் மாட்டி, வாரத்துக்கொருமுறை தாமே ஸ்டூல் போட்டு ஏறி இடம் மாற்றினார்.

“எலே வேலப்பா,” என்றார் என்னிடம். “வாறவனிட்ட பிஸ்டன், வால்வு, பம்பு எண்ணு மட்டும் பேசு. அது ரெண்டு பாசையிலயும் ஒண்ணாக்கும். மத்தது ஒண்ணும் பேசாண்டாம்.”

இந்த நிலைமையில்தான் ஒரு திங்கட்கிழமை குளத்தூர் ஞானமுத்து வண்டியைத் தள்ளாமல், நல்லபடியாக ஓட்டிக்கொண்டே வந்து, “புகைஞ்சு சாவுது” என்றார்.

இங்கிலீஷ் வண்டி. ஒற்றை சிலிண்டர், யுத்தம் முடிந்து ஏலத்தில் போனது. அவருடைய அப்பா எடுத்தது. சாகும்போது அதை இரண்டு பிள்ளைகளுக்கும் கிழமை பிரித்துக் கொடுத்திருந்தார். திங்கள், புதன், வெள்ளி மூத்தவர் ஞானமுத்துவுக்கு. செவ்வாய், வியாழன், சனி இளையவர் தேவதாசனுக்கு. ஞானமுத்துவுக்கு மிளகு வியாபாரம், நாகர்கோவில் பக்கத்துச் சந்தைகளை நம்பி இருப்பவர், ஆகவே தமிழ்க் கட்சி. தேவதாசனுக்கு நெய்யாற்றின்கரையில் ஆதாரம், அதாவது சொத்துப் பத்திரம், எழுதுகிற வேலை. எழுதுவது மலையாளத்தில், ஆகவே எதிர்க்கட்சி. ஒரே வீட்டில் இருந்தும் இருவரும், கட்சியாலும் இந்த வண்டியாலும், ஏழு மாதமாகப் பேசவில்லை. அவசரமென்றால் அண்ணன் தமிழில் சீட்டு எழுதுவார், தம்பி மலையாளத்தில் பதில் எழுதுவார். இருவருக்கும் இரண்டு பாஷையும் தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும் வாசிக்கத் தெரியாததுபோல அம்மாவிடம் நீட்டுவார்கள். அந்தம்மா அடுப்படியிலிருந்து வந்து வாசித்துச் சொல்ல வேண்டும்.

மேஸ்திரி வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ஒரு பொட்டுப் புகை இல்லை. முறுக்கிப் பார்த்தோம், தளர்த்திப் பார்த்தோம். மேஸ்திரி ஸ்க்ரூடிரைவரை ஊன்றினார், நாங்கள் மூச்சைப் பிடித்தோம். நோயாளி சுகமாக இருந்தது.

“இங்க வந்தா புகையாது,” என்றார் ஞானமுத்து. “வீட்டுல இருந்து எடுத்து முக்குல நிக்கிய நம்ம ஆளுகளைத் தாண்டும்வரை புகையும். திங்கக்கிழமை ஆக்கும் நம்ம ஜாதா. நான் முன்னால வண்டியில போனா பின்னால வாற ஒருத்தனுக்கும் கோஷம் போட முடியல்ல. இருமுதான்.”

“மத்த நாள்?” என்று நான் கேட்டேன்.

“புதன், வெள்ளி கொறச்சுதான். திங்கக்கிழமை மட்டும் அந்தப் படுபாவி என்னவோ செய்து வைக்கியான். நம்ம ஆளுகளே கேக்கியானுவ, அண்ணன் எந்தப் பக்கம் எண்ணு.”

தேடி வருகிறவர்களிடம் நான் இப்போது கேட்கிற கிழமைக் கேள்வியை அன்றைக்கே கேட்டிருந்தேன் பாருங்கள். பதிலும் கைக்கு வந்துவிட்டது. ஆனால் மூளைக்கு எட்டவில்லை. மேஸ்திரி கேஸ் ஷீட்டில் ‘ரிங் தேய்மானம்’ என்று எழுதினார், நான் தலையாட்டினேன். மெட்ராஸிலிருந்து ரிங் வரவழைத்து மாட்டினோம். செவ்வாய் புகையில்லை, புதன் புகையில்லை. அடுத்த திங்கட்கிழமை ஊரே தெரியாத அளவுக்குப் புகை. ஜாதாவில் வந்தவர்கள் கலைந்து ஓடினார்கள். போலீசார் கண்ணீர்ப்புகை அடித்துவிட்டார்கள் என்று சந்தையில் பேச்சு கிளம்பிக் கடைகளைச் சாத்தினார்கள். போலீசார் தங்களில் யார் அடித்தது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் தேவதாசன் வந்தார். அவருடைய வெள்ளை வேஷ்டியில் இடுப்பிலிருந்து முழங்கால்வரை ஆயில்.

“இது கண்டோ?” என்றார். “எனக்க நாளு வரும்போ ஆயில் டாங்க் வழிஞ்சு ஒழுகும். வேணுமெண்ணே அண்ணன் நெறச்சு வெக்கியாரு. ஞான் எப்படி இந்தக் கோலத்துல நாலு பேரு முன்னால ஆதாரம் எழுதுவேன்? எல்லாச் செவ்வாயும் ஞான் பாதி ஆயிலை ஊத்திக் களஞ்சிட்டாக்கும் போறது.”

நான் விதிப்படி, “டாங்க், ஆயில், பம்பு” என்று மட்டும் சொன்னேன்.

அந்த வாரத்தில் காரியம் முற்றிவிட்டது. வண்டியைக் கெடுப்பது மற்றவன்தான் என்று இருவரும் தனித்தனியாகத் தங்கள் கிறிஸ்தவ சபையில் முறையிட்டார்கள். சபை மூப்பர்கள் மூவர் கூடி, மெக்கானிக் எழுத்தில் ரிப்போர்ட் தரட்டும் என்றார்கள். யாருடைய கை பட்டிருக்கிறது என்று ரிப்போர்ட் சொன்னால் மறுநாளே வீட்டைப் பாகம் வைத்து நடுவில் சுவர் எழுப்புவது என்று முடிவு. தேவதாசன் பாக ஆதாரத்தைத் தாமே எழுதிவிட்டார். கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. ஞானமுத்து சுவருக்குக் கல் இறக்கிவிட்டார். மேஸ்திரி ரிப்போர்ட் எழுதுகிற பொறுப்பைப் பெருந்தன்மையோடு என் தலையில் கட்டினார்.

சனிக்கிழமை சாயங்காலம் குளத்தூருக்குப் போனேன். முற்றத்தில் கல் குவிந்திருந்தது. அவர்களுடைய அம்மா அன்னம்மாள் கிணற்றடியில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

“நீயா மக்கா மெக்கானிக்கு?” என்றாள். “நீ எழுதப் போறதுலயாக்கும் எனக்க வீடு இருக்கியது. கிணறு ஒண்ணுதான் உண்டு. சுவரு வந்தா நான் எந்தப் பக்கத்துல தண்ணி கோருவேன்? மூத்தவன் பக்கம் நிண்ணா இளையவனுக்குச் சோறு யாரு குடுப்பா?”

அவள் என் முகத்தைப் பார்த்தபடியே தோலைச் சீவினாள். கத்தி விரலில் படப்போகிறதே என்று அதையும் கிழங்கையும் நான் வாங்கிக்கொண்டேன். அதுவரை இது ஒரு புகை வழக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அப்போதுதான் பயம் வந்தது.

“மாமி, நாளைக்கு வண்டிய யாரு எடுப்பா?” என்று கேட்டேன்.

“ஞாயித்துக்கிழமையா? கர்த்தருக்க நாளுல வண்டியத் தொடக்கூடாதுண்ணு அவியளுக்க அப்பா வச்ச சட்டமாக்கும். கோயிலுக்கு நடந்துதான் போணும். அந்த இரும்புக்கும் அண்ணைக்கு ஓய்வு.”

நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்ல. எங்கள் வீட்டில் கோயிலுக்குப் போவதென்றால் முதலில் தேடுவது வண்டியைத்தான். வாரத்தில் ஆறு நாளைப் பிரித்துக் கொடுத்தவர் ஏழாவது நாளை என்ன செய்தார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சனி சாயங்காலம் நிறுத்தினால் திங்கள் காலைவரை வண்டி அசைவதில்லை. கையிலிருந்த கிழங்கைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன்.

அந்த வண்டியில் ஆயில் எஞ்சினுக்குள் இருக்காது. சீட்டுக்கு அடியில் தனி டாங்க். எஞ்சின் ஓடும்போது பம்பு அதை உள்ளே அனுப்பி, மறுபடி டாங்குக்கு ஏற்றிவிடும். நின்ற பிறகு ஆயில் கீழே இறங்காமல் வழியை அடைக்க மிளகளவில் ஓர் எஃகுக் குண்டு உண்டு. அது சரியாக உட்காராவிட்டால்? ஆனால் இதை வாயால் சொன்னால் இருவரும் நம்ப மாட்டார்கள்.

டாங்குக்குள் ஒரு துடைப்பத்து ஈர்க்கிலை விட்டு, ஆயில் நின்ற இடத்தில் நகத்தால் கீறினேன். பிறகு, வண்டி நிற்கிற ஓட்டுக் கொட்டகையைப் பூட்டி முத்திரை வைக்க வேண்டும் என்றேன். தேவதாசன் அரக்கும் தம் முத்திரையும் கொண்டுவந்தார். ஞானமுத்து அதை நம்பாமல் மிளகு மூட்டைக்கு வைக்கிற தம் முத்திரையைக் கொண்டுவந்தார். ஜன்னலுக்கும் வைத்தார்கள். ஒரு பூனை உள்ளே மாட்டிக்கொண்டதால் உடைத்து, பூனையை வெளியேற்றி, மறுபடி வைத்தார்கள். ஒரு மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு கட்சியும் சேர்ந்து காவல் போட்டது எங்கள் வட்டாரத்தில் அது ஒன்றுதான்.

திங்கள் காலை மூப்பர்கள் மூவரும் வந்து முத்திரைகளைப் பரிசோதித்தார்கள். எல்லாம் பத்திரம். கதவைத் திறந்து டாங்குக்குள் ஈர்க்கிலை விட்டேன். நுனியில்கூட ஆயில் ஒட்டவில்லை.

பூட்டிய கதவுக்குள் ஆயில் களவு போயிருந்தது. மூப்பரில் ஒருவர், “இது மனுசன் செய்கிய காரியமில்ல,” என்று தொப்பியைக் கழற்றி ஜெபத்துக்குத் தயாரானார். இன்னொருவர் பூனையைச் சந்தேகித்தார்.

நான் எஞ்சினுக்கு அடியில் ஒரு பாத்திரத்தை வைத்து அடைப்பைத் திருகிக் கழற்றினேன். களகளவென்று கறுப்பாக ஆயில் இறங்கிற்று. பாத்திரம் நிறைந்தது. அதைத் தூக்கி டாங்கில் ஊற்றினேன். ஈர்க்கிலை விட்டேன். நான் கீறிய இடத்திலேயே வந்து நின்றது.

“களவாணி ஒருத்தனும் இல்ல,” என்றேன். “சும்மா நிண்ணா ஆயில் தானே கீழ இறங்குது. ஒரு ராத்திரிக்குக் கொறச்சு இறங்கும். ஞாயித்துக்கிழமையும் சேந்து நிண்ணா முழுசும் இறங்கும். திங்கக்கிழமை கிக்கரைச் சவிட்டினா அதுல கொறச்சு எரிஞ்சு புகை. அண்ணன் டாங்க் காலியா இருக்கியதப் பாத்து, தம்பி களவாண்டான் எண்ணு புதுசா ஊத்துவாரு. எஞ்சின் ஓட ஓட மிச்சமுள்ள பழையதும் மேல ஏறி டாங்க் முட்டும். செவ்வாக்கிழமை தம்பிக்க வேஷ்டியில வழியும். தம்பி ஊத்திக் களைவாரு. இதாக்கும் சங்கதி.”

“அப்போ குற்றம் யாருக்க மேல?” என்று மூப்பர் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்.

“ஒரு குண்டுக்க மேல. மிளகளவு இருக்கும்.”

ஞானமுத்து பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு மிளகளவு பிடித்துப் பார்த்தார். மிளகு வியாபாரி அல்லவா, அளவு உடனே மனசிலாகியிருக்கும். “ஒரு மிளகுக்காகவா நான் இவனிட்ட இத்தன நாளு மிண்டாம இருந்தேன்?” என்றார். இருவரும் கட்டிப் பிடித்து அழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. தேவதாசன், “அப்போ நீங்க ரிங்கு மாத்தியது எதுக்கு?” என்றார். அண்ணனும், “அதுதானே?” என்று சேர்ந்துகொண்டார். ஏழு மாதத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

புதுக் குண்டு மெட்ராஸிலிருந்து வர வேண்டும். அதுவரை ஒவ்வொரு திங்களும் அடைப்பைக் கழற்றி, இறங்கிய ஆயிலைத் திரும்ப ஊற்றிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும் என்றேன். அது தனியாள் வேலை இல்லை. ஒருவர் வண்டியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், ஒருவர் குனிந்து பாத்திரம் பிடிக்க வேண்டும்.

அடுத்த திங்கள் சொல்லிக்கொடுக்கப் போனேன். அண்ணன் வண்டியைப் பிடித்தார், தம்பி குனிந்தார். “சரிச்சுப் பிடி,” என்றார் தம்பி. “பிடிச்சிட்டுத்தானே நிக்கேன்,” என்றார் அண்ணன். “கண்ணுல விழும், தலைய மாத்துலே.” அம்மா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சீட்டு வாசிக்கிற வேலை அன்றோடு அவளுக்கு இல்லாமல் போயிற்று. நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

“அந்தக் குண்டு வருமா மக்கா?”

“ரெண்டு வாரத்துல வரும் மாமி.”

“வந்தா எனக்க கையில கொண்டு தா. மாட்டாண்டாம்.”

“மாமி, நான் மெக்கானிக்கில்லியா?”

“நான் இவனுவளைப் பெத்த தள்ளையாக்கும்,” என்றாள். “ஆயில் இறங்காட்டா இவனுவ மறுபடியும் மிண்ட மாட்டானுவ. எனக்குத் தெரியும்.”

கெட்டதைக் கண்டுபிடித்துவிட்டுச் சரிசெய்யாமல் விடுவது எங்கள் தொழிலில் பெரிய பாவம். குண்டு வந்தது. இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தூக்கம் வராமல் புரண்டேன். மூன்றாம் நாள் குளத்தூருக்குப் போய்க் கொடுத்தேன். அவள் அதை மிளகு டப்பாவில் போட்டு மூடினாள். மேஸ்திரியிடம் குண்டு தொலைந்துவிட்டது என்றேன். ஒரு நட்டைக்கூடத் தொலைக்காத மனிதர், ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டிக்கொண்டு முட்டிக்கால் போட்டு இரண்டு நாள் ஒர்க்‌ஷாப் தரை முழுவதும் தவழ்ந்தார். அரை டிரவுசர் தேய்ந்து ஓட்டையானது. வண்டிக்காரர்கள் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அந்தப் பாவம் எனக்கு இன்னும் மனதில் உண்டு.

மறுபடி எழுதிக் கேட்டேன், வரவில்லை, கம்பெனியே செய்வதை நிறுத்திவிட்டது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி நாலைந்து மாதம் ஓட்டினேன். முற்றத்துக் கல் அப்படியே கிடந்தது. மாமி அதன்மேல் மிளகு காயப்போட்டாள். அரசியலில் ஒருவரும் இம்மி விட்டுக்கொடுக்கவில்லை. திங்கட்கிழமை ஆயில் இறங்கும் நேரத்தில் எல்லையைப் பற்றிச் சண்டை போட்டார்களாம், அதுவும் உரத்த குரலில். பேசாமல் இருந்தவர்கள் சண்டை போடுகிறார்கள் என்று மாமி என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

பிறகு ஒருநாள் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார். கையில் ஒரு முத்திரைத்தாள் இருந்தது. தேவதாசன் பாக ஆதாரத்துக்கென்று வாங்கிவைத்த தாள்களில் ஒன்று. இடது பாதியில் தமிழ், வலது பாதியில் மலையாளம், கீழே அண்ணன் தம்பி இருவருடைய கையெழுத்து, மூப்பர்கள் சாட்சி. என்னை உடனே வேலையைவிட்டு நீக்க வேண்டும் என்று மனு. மேஸ்திரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தார்.

“மேற்படி மெக்கானிக் மிளகளவுள்ள ஒரு குண்டைக்கூடச் சம்பாதித்துத் தரத் திராணியற்றவர் என்பதால், அண்ணனும் தம்பியுமாகிய நாங்கள் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒன்றாகக் குனிந்து, ஒன்றாக ஆயில் எடுத்து, ஒன்றாகக் கைகழுவி, அதன்பின் அம்மா விடாத காரணத்தால் ஒன்றாகவே உட்கார்ந்து காப்பி குடிக்க வேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டிருக்கிறது.”

மேஸ்திரி தாளை மேசைமேல் வைத்தார். “நாலு ஊரு சிரிக்குது. ரெண்டு கட்சியும் சேந்து கையொப்பம் போட்டு ஒரு மனு வந்தா நான் என்ன செய்ய? இதுக்கு நீ என்ன சொல்லுக?” என்றார்.

“எழுதியிருக்கியது அம்புட்டும் சத்தியமாக்கும், மேஸ்திரி,” என்றேன்.